எந்த இடத்துக் காற்று, எந்நேரக் காற்று?

நேயர்களுக்கு வணக்கம். சென்னையில் இன்று காற்றுத் தரக் குறியீடு 90, 'திருப்தி' என்று போனில் பார்த்துவிட்டு வெளியே வருகிறீர்கள். வடபழனி சிக்னலில் முன்னால் நின்ற பஸ் உறுமிக்கொண்டு கிளம்பும்போது கண் எரிகிறது. அப்போ அந்த 90 பொய்யா என்று என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அது ஆலந்தூரிலோ வேளச்சேரியிலோ மணலியிலோ நிற்கிற கருவி சொன்னது, அதுவும் 24 மணி நேரத்தின் சராசரி. உங்கள் மூக்கு இருந்த இடம் வேறு, நேரமும் வேறு.

தூசியை அளப்பது எனக்குப் பிடித்த விஷயம், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய கருவி என்றால் கூரை வைத்த ஒரு தகரப் பெட்டி, உள்ளே மோட்டார், மேலே வெள்ளை ஃபில்டர் பேப்பர், அவ்வளவுதான். நிமிடத்துக்கு ஒரு கனமீட்டருக்குச் சற்று அதிகமாகக் காற்றை இழுக்கும். எட்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் பேப்பர் சாம்பல் நிறம். போடுமுன் ஓர் எடை, எடுத்தபின் ஓர் எடை, வித்தியாசம்தான் தூசி. நம் நாட்டில் பிஎம்10 தூசிக்கு, அதாவது 10 மைக்ரானுக்கு மேற்படாத நுண்தூசிக்கு, ஒரு நாள் வரம்பு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். காற்றில் அந்த அளவு இருந்தால் எட்டு மணி நேரத்தில் பேப்பரில் சேருவது சுமார் 50 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்பில் கால் பங்குகூடத் தேறாது. இதை நம் ஊர்ப் புழுக்கத்தில் நிறுக்க வேண்டும்! பேப்பரை மேசையில் சும்மா வைத்தாலே ஈரம் குடித்து எடை கூடிவிடும். அதனால் சிலிக்கா ஜெல் போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் மூடி வைத்துத்தான் நிறுப்போம். நீல மணிகள் ஈரத்தில் ரோஸ் ஆகிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அவற்றை ஓவனில் காயவைத்துத் திரும்ப நீலமாக்குவதே எங்களுக்குத் தனி வேலை.

ஆன்லைனில் விற்கும் சின்னக் கருவிகளுக்கும் இதே ஈரம்தான் எதிரி. அவை எடை பார்ப்பதில்லை, லேசர் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்று பார்க்கின்றன. ஈரத்தில் துகள் ஊதிப் பெருத்தால் அளவு கூடுதலாகக் காட்டும். வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரே கருவியை வைத்து ஒரே நாளில் சமையலறையையும் தெருவையும் ஒப்பிட்டுப் பார்க்க நல்லது.

சரி, சராசரிக்கு வருவோம். போகி நினைவிருக்கும், 2018-ல் அந்தப் புகையில் விமானங்கள்கூட இறங்க முடியாமல் திண்டாடின. விடியலில் ஆறு மணி நேரம் தூசி கனமீட்டருக்கு 300 மைக்ரோகிராம், அப்புறம் கடற்காற்று வந்து மீதி நேரமெல்லாம் 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் சராசரி 105! அந்த 300-ஐச் சுவாசித்த குழந்தைக்கு இந்த 105-ஆல் என்ன பயன்? மணிவாரி அளவைப் பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை காட்டுகிறார்கள். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டராக இருந்தது, 2022-ல் 5,904 ஆக்கினார்கள். நகருக்குள் கொடுங்கையூர், பெருங்குடி, ராயபுரம் என்று காற்றை அளக்கும் நிலையங்கள் கூடின, கும்மிடிப்பூண்டி பக்கமும் வந்தது, நல்லதுதான். ஜல்லி லாரி ஓடுகிற புறநகர்ச் சாலைகளில், பள்ளிக்கூட வாசல்களில் அடுத்த கருவிகளை வையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. ஓசோன் பற்றியும் சொல்ல நினைத்திருந்தேன், அதற்கு இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். வணக்கம்.