மேயோக்காரர்களுக்கு மறதி கிடையாது, நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் சாப்பிட்ட பிறகும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் டப்ளின் தமிழர்கள் எல்லோருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும். 'அயர்லாந்து ரசிகரை மைதானத்துக்கு இழுத்து வருவது அணி மேல் உள்ள நம்பிக்கையா, அரசியலா?' நான் நம்பிக்கையின் பக்கம்.

எதிரணித் தலைவர் அண்ணன் நன்றாகத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். 1884இல் தர்லஸ் ஊர் ஹோட்டல் ஒன்றில் நாட்டின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் தொடங்கியதே ஆங்கிலேயர் செல்வாக்குக்கு எதிராகத்தான் என்றார். 1938இல் நாட்டின் ஜனாதிபதி டக்ளஸ் ஹைடு, சங்கம் அந்நிய விளையாட்டு என்று ஒதுக்கிய சாக்கர் கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனார், அதற்காக அவரையே சங்கத்தின் புரவலர் பொறுப்பிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்றார். கார்க் மாவட்டத்துக்கு ஆடி 1941 முதல் 1946 வரை ஆறு வருடம் தொடர்ந்து அகில அயர்லாந்துப் பதக்கம் வாங்கிய ஜாக் லிஞ்ச்தான் பிறகு பிரதமர் ஆனார் என்றார். எல்லாம் உண்மை. எல்லாவற்றுக்கும் பதில் எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் முடிக்கும்போது அண்ணன் ஒன்று சொன்னார், நீங்களும் கைதட்டினீர்கள். 'ஐரிஷ் ரசிகனுக்கு இருப்பது நம்பிக்கை இல்லை, ஞாபக மறதி. போன வருடம் தோற்றது நினைவிருந்தால் இந்த வருடம் டிக்கெட் வாங்குவானா?'

அண்ணா, அந்தப் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

மேற்கே மேயோ என்று ஒரு மாவட்டம். சிவப்பும் பச்சையும் கலந்த சட்டை. 1951 செப்டம்பரில் கேலிக் கால்பந்தில் மீத் அணியை வென்று, இரண்டாவது வருடமாக சாம் மகுவயர் கோப்பையை, அதாவது அகில அயர்லாந்துக் கோப்பையை, தூக்குகிறார்கள். வீரர்கள் லாரியில் ஏறி ஊர் திரும்புகிறார்கள். ஒரே ஆட்டம், பாட்டம். வழியில் ஃபாக்ஸ்ஃபோர்டு என்ற ஊர். அங்கே ஒரு சாவு. நம் ஊரில் என்ன செய்வோம்? வண்டியை ஓரம் கட்டுவோம், பாட்டை நிறுத்துவோம். இவர்கள் நிறுத்தவில்லை. லாரி போய்க்கொண்டே இருக்கிறது. பாதிரியாருக்கு வந்தது பாருங்கள் கோபம்! 'இந்த அணியில் ஆடிய கடைசி ஆள் கண்ணை மூடும்வரை மேயோ இனி ஜெயிக்காது' என்று சபித்துவிட்டாராம். நடந்ததற்குச் சான்று எதுவும் கிடையாது. ஆனால் மேயோவில் இந்தக் கதை தெரியாத குழந்தை கிடையாது.

கதையை விடுங்கள், அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1989இல் இறுதி ஆட்டம் வருகிறார்கள், தோல்வி. 1996இல் மறுபடி வருகிறார்கள். ஆட்டம் முடியப்போகிறது, மேயோ ஒரு புள்ளி முன்னால். மீத் வீரர் தூரத்திலிருந்து உதைத்த பந்து கோலுக்கு முன்னால் தரையில் விழுகிறது. விழுந்தால் என்ன ஆக வேண்டும்? கோல்கீப்பர் கைக்கு வர வேண்டும். துள்ளி எழுந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போய்விட்டது! இந்த ஆட்டத்தில் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு புள்ளி, வலைக்குள் போனால்தான் கோல், அதற்கு மூன்று புள்ளி. சமன். மறு ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. 1997, 2004, 2006, 2012, தோல்வி. 2013இல் ஒரு புள்ளியில் தோல்வி. 2016இல் டப்ளினுக்கு எதிரான இறுதி ஆட்டம். டப்ளின் அடித்த கோல் எத்தனை? ஒன்றுகூட இல்லை. ஆனால் டப்ளின் கணக்கில் இரண்டு கோல் இருக்கிறது! இரண்டும் மேயோக்காரர்களே தங்கள் வலைக்குள் விட்டது. இன்னொரு தடவை சொல்கிறேன், பின்வரிசைக்குக் கேட்டிருக்காது: இரண்டும் மேயோ போட்ட சுய கோல்! அப்படியும் தோற்கவில்லை, சமன் செய்தார்கள். மறு ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. 2017இலும் ஒரு புள்ளிதான். அப்புறம் 2020, 2021. 1989இலிருந்து கணக்குப் போட்டால் பதினொரு இறுதிகள், பதினொன்றிலும் தோல்வி.

1951 அணியில் கடைசியாக உயிரோடு இருந்தவர் பாடி ப்ரெண்டர்காஸ்ட். 2021 இறுதி ஆட்டம் செப்டம்பர் 11இல் நடந்தது. அதே மாதக் கடைசியில், 95 வயதில், அவர் காலமானார். ஊரே அழுதது. சாபமும் அவரோடு போயிற்று என்றார்கள். போகவில்லை, கோப்பை இன்னும் வரவில்லை. ஆனால் சகோதரிகளே, இது உங்களுக்கு: மேயோ பெண்கள் அணி 1999, 2000, 2002, 2003 என்று நான்கு தடவை அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றிருக்கிறது. எந்தப் பாதிரியார் சாபமும் அவர்களிடம் செல்லவில்லை! இப்போது கைதட்டுங்கள்.

இப்போது சொல்லுங்கள் அண்ணா, இந்த ஜனங்களுக்கா மறதி? மேயோவில் யாரையாவது நிறுத்தி 1996 என்று சொல்லிப் பாருங்கள். பந்து எந்த இடத்தில் விழுந்து எழுந்தது என்று காட்டிவிட்டுத்தான் உங்களை விடுவார். ஒன்றையும் மறக்காமல், அத்தனை காயத்தையும் வருடத்தோடு சொல்லிக்கொண்டே, அடுத்த கோடையில் கொடியை எடுத்துக்கொண்டு வருகிறாரே, அவரிடம் இருப்பது நம்பிக்கை இல்லையென்றால் பிறகு எது நம்பிக்கை?

அரசியல் என்றீர்கள். சரி, அதையும் மேயோவிலேயே பார்ப்போம். 1950, 51 அணிகளின் தலைவர் ஷான் ஃப்ளானகன், ஃபியானா ஃபால் கட்சி அமைச்சர் ஆனார். 1936இல் மேயோ முதன்முதலாக வென்ற அணியில் ஆடிய ஹென்றி கென்னி, ஃபினா கேல் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். அவர் மகன் எண்டா கென்னி 2011இல் பிரதமரே ஆனார். உள்நாட்டுப் போரில் எதிரெதிராக நின்ற பரம்பரைகளிலிருந்து வந்த இரண்டு கட்சிகள் இவை. தேர்தல் நாளில் வேறு வேறு பெட்டி. ஆட்ட நாளில் ஒரே சிவப்பு பச்சைதான்.

கடைசியாக ஒன்று. இது எந்தப் பக்கத்துக்கு வலு சேர்க்கும் என்று நான் பார்க்கவில்லை, சொல்லியே ஆக வேண்டும். 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. இதே டப்ளினில், கேலிக் விளையாட்டுகளின் தலைமை மைதானமான க்ரோக் பார்க்கில், டப்ளின் அணியும் டிப்பரரி மாவட்ட அணியும் ஆடிக்கொண்டிருக்கின்றன. பிரிட்டிஷ் படைகள் உள்ளே நுழைந்து சுட்டதில் 14 உயிர்கள் போயின. சிறுவர்களும் இருந்தார்கள். மைக்கேல் ஹோகன் என்ற வீரர் ஆட்டச் சட்டையோடு விழுந்தார். இன்று நாம் போய் உட்காரும் ஹோகன் ஸ்டாண்ட் அவர் பெயரில்தான் இருக்கிறது.

2007 பிப்ரவரி 24. அதே மண்ணில் இங்கிலாந்து ரக்பி அணி. இங்கிலாந்து ராணியை வாழ்த்தும் பாட்டு அங்கே ஒலிக்குமா, ஒலித்தால் என்ன ஆகும் என்று நாடே பயந்தது. ஒலித்தது. எண்பதாயிரம் பேரும் மரியாதையோடு நின்றார்கள். அடுத்து ஐரிஷ் கீதம் எழுந்தபோது அயர்லாந்து வீரர் ஜான் ஹேஸ், மலை மாதிரி மனிதர், கண்ணீர் வழிய நின்றார். அன்று அயர்லாந்து 43, இங்கிலாந்து 13. அந்தக் கண்ணீரை எந்தக் கட்சிக் கணக்கில் எழுதுவீர்கள்?

அந்த மண்ணில்தான் நம் பிள்ளைகள் வளர்கிறார்கள். சனிக்கிழமை காலையில், குளிரில், மழையில், ஹர்லிங் ஆடும் ஹர்லி மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நீ எந்த ஊர், உன் அப்பா எந்த நாடு என்று கேட்டுவிட்டா அந்த கிளப் பயிற்சியாளர் ஜெர்சி கொடுத்தார்? 'க்ரோக் பார்க்கில் ஒரு நாள் ஆடுவேன் அம்மா' என்று சொல்லும் பிள்ளைகள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவர் அவர்களே. அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உங்களால் அரசியல் என்று தீர்ப்பு எழுத முடியாது. எங்கள் பக்கம் தாருங்கள். நன்றி, வணக்கம்.