மழைக்கு முன்னாடியே தோண்டுன குழி

[காட்சி: இறுகிப்போன செம்மண் தரை. காத்துச் சத்தம் மட்டும்.]

ஒரு வாளித் தண்ணியை இந்த மண்ணுல ஊத்துனா உள்ள இறங்காது. சிமெண்டுத் தரையில ஊத்துன மாதிரி வழிஞ்சு ஓடிரும். ஒரு காலத்துல கம்பும் சோளமும் விளைஞ்ச பூமி இது.

மேற்கு ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோ நாட்டோட வடக்குல, வாஹிகூயா நகரத்துக்குப் பக்கத்துல கூர்கான்னு ஒரு கிராமம். சஹாராவுக்குத் தெற்கே ஓரமா ஓடுற சஹேல் வறட்டுப் பகுதி. நாம கூழ் காய்ச்சுற கம்புக்குத் தாய்மண்ணே இந்த சஹேல்தான்! அங்கேயே கம்பு விளையாத நிலைமை வந்துச்சு.

1960-கள் கடைசியில ஆரம்பிச்ச வறட்சி, நடுவுல கொஞ்சம் மூச்சு விட்டுட்டு, 80-கள்லயும் அடிச்சுது. பெய்யுற கொஞ்ச மழையும் ஒரே கொட்டா கொட்டி மேல்மண்ணை அரிச்சுட்டுப் போயிரும். மிச்சம் நிக்கிறது ஓடு மாதிரி ஒரு தரை. அங்க வாழுற மோசி இன மக்கள் அதை 'ஸிபெல்லே'ன்னு சொல்றாங்க. கிணத்துல தண்ணி கீழ போயிட்டே இருந்துச்சு. குடும்பம் குடும்பமா ஊரைக் காலி பண்ணிக் கிளம்புனாங்க.

அந்த நேரத்துல ஒருத்தர் மட்டும் எதிர்த்திசையில வந்தாரு. யாகூபா சவாடோகோ, 1946-ல பிறந்தவர். சின்ன வயசுல மாலி நாட்டுல குர்ஆன் பள்ளியில இருந்தாரு, ஆனா எழுதப் படிக்க வரல. அப்புறம் வாஹிகூயா சந்தையில வியாபாரம். 1980 வாக்குல அதை விட்டுட்டு மம்பட்டியைக் கையில எடுத்தாரு.

[காட்சி: குழியோட குறுக்குவெட்டுப் படம்.]

அவர் எடுத்துக்கிட்டது பழைய முறைதான். பேரு 'ஸாயி'. கெட்டித் தரையில சின்னச் சின்னக் குழி வெட்டி அதுல விதைக்கிறது. சவாடோகோ குழியை இன்னும் அகலமா, ஆழமா ஆக்குனாரு. அதுக்குள்ள மாட்டுச்சாணமும் மக்குன குப்பையும் போட்டாரு. நிஜமான வேலை இதுக்கு அப்புறம்தான் நடக்குது, அதுவும் மனுஷன் செய்யல, கரையான் செய்யுது. எருவைத் தேடி வர்ற கரையான் அடியில பொந்து பொந்தா குடைஞ்சிரும். மழை வந்தா அந்த வழியா தண்ணி இறங்கும். எரு அதைப் பிடிச்சு வச்சுக்கும். நடுவுல பத்து நாள் மழை ஏமாத்துனாலும் பயிர் தாக்குப்பிடிக்கும். நாம மருந்தடிச்சு விரட்டுற பூச்சி, அங்க கூலி கேக்காத ஆள்!

குழி சுமாரா ஒரு சாண் அகலம். ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்கு மேல வரும். முதுகு ஒடியுற வேலை. அதை அவர் கோடையிலயே செஞ்சாரு. மழை வர்றதுக்கு முன்னாடி நிலத்தைத் தொடுறது ஊர் வழக்கத்துக்கு விரோதம். பைத்தியம்னு சொன்னாங்க. என்னைக் கேட்டா, குழியோட அளவை விட இந்த நேரக் கணக்குதான் பெரிய விஷயம். முதல் மழையே குழிக்குள்ள விழணும். மழை பெஞ்சு தரை இளகட்டும்னு காத்திருந்தா, அந்த முதல் தண்ணி ஓடிப் போயிருக்கும்.

கூடவே, சரிவுக்குக் குறுக்க கல் வரப்பு. கல்லை வரிசையா அடுக்குறது, அவ்வளவுதான். ஓடுற தண்ணி அதுல முட்டி நின்னு, வண்டலை விட்டுட்டுப் போகும்.

[காட்சி: கதிர் முத்துன சோளக்காடு. அப்புறம் மரங்கள்.]

எருவுல கிடந்த மர விதைகளும் குழியில முளைச்சுது. களைன்னு பிடுங்கி எறியாம விட்டாரு. அப்புறம் தானே தேடித்தேடி விதை போட்டாரு. யாரோ ஒரு தடவை தீ வச்சாங்க. திரும்ப வளர்த்தாரு. கடைசியில சுமார் 40 ஹெக்டேர் காடு, 60-க்கு மேல மர வகை. பட்டையும் வேரும் கேட்டு நோயாளிங்க வருவாங்க. அவர் நாட்டு வைத்தியரும்கூட.

இவரைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் காட்டோட நிறுத்திருவாங்க. எனக்குப் பிடிச்சது அவர் போட்ட சந்தை. 1984-ல இருந்து வருஷத்துக்கு ரெண்டு தடவை, தன்னோட நிலத்துலயே. அறுவடை முடிஞ்சதும் ஒண்ணு: அவங்கவங்க குழியில விளைஞ்ச ரகத்துல கொஞ்சம் விதை கொண்டு வந்து குடுப்பாங்க, இவர் பத்திரப்படுத்துவாரு. மழைக்கு முன்னாடி இன்னொண்ணு: எந்த ரகம் நல்லா வந்துச்சுன்னு பேசி, விதை எடுத்துட்டுப் போவாங்க. 2000 வாக்குல நூறு கிராமத்துக்கு மேல வந்தாங்க. எழுதப் படிக்கத் தெரியாத மனுஷன் நடத்துன ஆராய்ச்சிப் பண்ணை அது. ஸாயியும் கல் வரப்பும் சேர்ந்து, புர்கினா ஃபாசோவுல மீண்ட நிலம் 2 லட்சம் ஹெக்டேருக்குக் குறையாது.

2018-ல 'மாற்று நோபல்'னு சொல்லுற ரைட் லைவ்லிஹுட் விருது, 2020-ல ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தோட 'பூமியின் சாம்பியன்' விருது.

ஆனா காடு அவர் பேர்ல இல்ல. வாஹிகூயா நகரம் விரிஞ்சுக்கிட்டே வந்து, காட்டுக்குள்ளயே வீட்டுமனை அளந்து கல் நட்டாங்க. தான் வளர்த்த மரத்துக்கு விலை குடுத்து வாங்கணும்ங்கிற நிலைமை. மொட்டைத் தரையா கிடந்தப்ப அந்த இடத்தை ஒருத்தரும் கேக்கல.

2023 டிசம்பர் 3, வாஹிகூயாவுல அவர் காலமானாரு. வயசு 77.

[காட்சி: கோடை வெயில். இறுகுன தரையில மம்பட்டி விழுற சத்தம்.]