மஞ்சள் நிறம் போட்ட சோடாப் போத்தல்

வணக்கம் நேயர்களே. நீரிழிவு கிளினிக்கில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் ஒரு கேள்வி: "டொக்டர், போத்தலில் மஞ்சள்தானே போட்டிருக்கு, சிவப்பு இல்லையே. குடிக்கலாமா?"

2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் விற்கும் மென்பானங்களில் சீனியின் அளவு நிறத்தால் காட்டப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவென்றால் பச்சை, இடைப்பட்டதெல்லாம் மஞ்சள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 3 கிராம் உள்ளதும் மஞ்சள், 10 கிராம் உள்ளதும் மஞ்சள். அதுவும் 100 மில்லிலீற்றருக்கான கணக்கு. 10 கிராம் உள்ள பானத்தில் 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் 40 கிராம் சீனி உள்ளே போகிறது. பத்துத் தேக்கரண்டி! வளர்ந்த ஒருவர் நாள் முழுவதும் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

தேநீரில் பத்துக் கரண்டி போட்டால் யாரும் வாயில் வைக்கமாட்டோம். சோடாவில் அது தெரியாததற்குக் காரணம் குளிரும் புளிப்பும். இரண்டும் இனிப்பை மறைத்துவிடும். அதே சோடாவை வாயு போக வைத்து, குளிர் விட்ட பிறகு குடித்துப் பாருங்கள், திகட்டும்.

சோற்றில் இருக்கும் மாச்சத்து சமித்து இரத்தத்தில் சேர நேரம் எடுக்கும். கரைந்த சீனிக்கு அந்தத் தாமதம் இல்லை. சதையி அவசர அவசரமாக இன்சுலினைச் சுரக்க வேண்டியிருக்கிறது. சீனியில் பாதி குளுக்கோஸ், மறுபாதி பிரக்டோஸ். பிரக்டோஸில் பெரும்பகுதியைக் கையாள்வது ஈரல்தான். அளவுக்கு மிஞ்சி வருவதை அது கொழுப்பாக மாற்றுகிறது. மதுவைத் தொட்டே பார்க்காதவர்களின் ஈரலிலும் கொழுப்புப் படிவதைப் பார்க்கிறோம். அப்புறம், சோடா குடித்தவர் அதற்காகச் சோற்றைக் குறைப்பதில்லை. பசி அப்படியே இருக்கும், எடை ஏறும்.

பற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஒரு போத்தலை மணிக்கணக்காக உறிஞ்சினால், சோடாவில் இருக்கும் அமிலம் பல்லின் மேற்பூச்சை அத்தனை நேரமும் கரைத்துக்கொண்டே இருக்கும். சீனி இல்லாத சோடாவிலும் இந்த அமிலம் உண்டு.

பிரித்தானியாவில் மென்பானங்களுக்கு 2018 ஏப்ரலில் வந்த சீனி வரி, 100 மில்லிலீற்றருக்கு 5 கிராம் சீனி இருந்தாலே தொடங்குகிறது. அது நடைமுறைக்கு வரும் முன்பே பல கம்பனிகள் சீனியைக் குறைத்துவிட்டன. நமது 11 கிராம் எல்லையும் கீழே இறங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நிறத்தோடு நிற்காமல், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணையும் போத்தலின் அளவையும் பாருங்கள்.

வீட்டுக்கு வருபவர்களுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது நம் உபசாரம். அந்த இடத்தில் இளநீரோ, உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கொடுத்தால் யாரும் குறை நினைக்கமாட்டார்கள்.

நீரிழிவுக்கு மருந்து எடுப்பவருக்கு இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி, வியர்த்து நடுங்கினால், அரைக் கிளாஸ் சாதாரணச் சோடா உடனே கொடுக்கலாம். சீனியில்லாத வகை அப்போது உதவாது. ஆனால் வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்குச் சோடா வேண்டவே வேண்டாம். அதிலுள்ள சீனி வயிற்றோட்டத்தைக் கூட்டிவிடும். வயிற்றோட்டத்துக்கான உப்புச் சீனித் தூளான ஜீவனியைக் கரைத்துக் கொடுங்கள்.