யாருடைய பிரச்சினை?

அவையோருக்கு வணக்கம்.

சமூகப் பிரச்சினைகளைத் தீர்ப்பது எப்படி என்று ஒரு பாடம் நடத்துகிறேன். முதல் நாளே மாணவர்கள் தீர்வோடு வந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது ஒரு செல்போன் செயலி. எதற்கு என்று கேட்டால்தான் பிரச்சினையைத் தேடுவார்கள்!

அதனால் முதல் சில வாரம் தீர்வைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் எழுதி வர வேண்டும். "இந்தத் தெரு மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை, குப்பையை வெளியே கொட்டுகிறார்கள்" என்று ஒரு குழு எழுதும். யார் சொன்னது, எந்த வீட்டில் கேட்டீர்கள் என்று திருப்பி அனுப்புவேன். போய்க் கேட்டால் வாக்கியம் மாறிவிடும்: "குப்பை வண்டி வரும் நேரத்தில் பல வீடுகளில் ஆளே இல்லை, எல்லாரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள்." முதலாவது மக்களைக் குறை சொல்கிறது. இரண்டாவதில் மாற வேண்டியது வண்டியின் நேரம்.

வகுப்பில் நான் விரும்பிச் சொல்வது வியட்நாமில் நடந்தது. ஜெர்ரி ஸ்டெர்னின், மோனிக் ஸ்டெர்னின் தம்பதி 1990 இறுதியில் 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக அங்கே போனார்கள். குழந்தைகளிடம் ஊட்டச்சத்துக் குறைபாடு. அரசு தந்த அவகாசம் ஆறே மாதம். அவர்கள் கேட்ட கேள்வி இதுதான்: இதே வறுமையில் நன்றாக வளரும் குழந்தை யார் வீட்டிலாவது உண்டா? ஊர்க்காரர்களே குழந்தைகளை எடை போட்டுப் பார்த்தார்கள். இருந்தது. அந்த வீடுகளில் வயலில் கிடைக்கும் பொடி இறால், நண்டு, சர்க்கரைவள்ளிக் கீரை எல்லாம் சோற்றில் சேர்ந்தன. மற்றவர்கள் அவற்றைப் பிள்ளைகளுக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். ஊட்டியதும் இரண்டு வேளை அல்ல. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நான்கு வேளை. பிறகு அதைப் பரப்ப யாரும் மேடை போட்டுப் பேசவில்லை (நான் இப்போது செய்வது மாதிரி). தாய்மார்கள் கூடிச் சமைத்தார்கள். வருகிறவர் கையில் கொஞ்சம் இறாலோ நண்டோ கீரையோ கொண்டுவர வேண்டும், அதுதான் நுழைவுச்சீட்டு.

மக்கள் பங்கேற்பை 1969-இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கர் ஓர் ஏணி போல எட்டுப் படிகளாகப் பிரித்தார். கருத்துக் கேட்பது அதில் கீழிருந்து நான்காவதுதான். கேள்வித்தாளோடு வீடு வீடாகப் போய்வந்த மாணவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும். சுருங்கட்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. பருவம் முடிந்ததும் மாணவர்கள் போய்விடுவார்கள். தெருவுக்கு விடுமுறை கிடையாது. ஆகவே என் பாடத்தில் தீர்வுக்கு மதிப்பெண் இல்லை. எழுதிய வாக்கியத்தைத் தெருக்காரர்களிடமே படித்துக் காட்ட வேண்டும். அவர்கள் திருத்தினால் அந்தத் திருத்தத்தோடு கொண்டுவர வேண்டும்; மதிப்பெண் அதற்குத்தான். "தீர்வே இல்லாமல் என்ன அறிக்கை சார்?" என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. யார் யாரிடம் பேசினாய், யார் பேச மறுத்தார்கள், வண்டி நேரத்தை மாற்றும் அதிகாரம் யாருக்கு, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்பேன். அடுத்த ஆண்டு வரும் குழுவையும் அதே தெருவுக்குத்தான் அனுப்புகிறேன்.