ஹெலிகாப்டர் காமனும் கிட்டார் காமனும் ஒரே ஆளா?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஹெலிகாப்டர் செய்த சார்லஸ் காமன் பற்றிப் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்கிறார்: "ஓவேஷன் கிட்டார் செய்ததும் காமன் என்கிறார்களே, அது வேறு ஆளா? ஹெலிகாப்டரை விட்டுவிட்டாரா?"

ஒரே ஆள்தான். விடவும் இல்லை.

முதலில் ஹெலிகாப்டர் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1945-ல், 26 வயதில், நண்பர்கள் இருவர் தந்த 2,000 டாலரில் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஹெலிகாப்டர் கம்பெனி தொடங்கினார். சுழலும் இறக்கையின் பின்விளிம்பில் சின்ன மடல் ஒன்றை வைத்தார். அந்த மடலை அசைத்தால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும். இறக்கையைத் திருப்ப பைலட் மல்லுக்கட்ட வேண்டாம். 1951-ல் அவருடைய கே-225, டர்பைன் எஞ்சினில் பறந்த முதல் ஹெலிகாப்டர் ஆனது. அப்புறம் வந்த ஹஸ்கி ஹெலிகாப்டர், வியட்நாம் போரில் விழுந்த விமானிகளை மீட்கப் போனது.

சரி, கிட்டார் எப்படி வந்தது? ராணுவ ஆர்டரை மட்டும் நம்பினால், ஆர்டர் நின்ற அன்றே ஆலையும் படுத்துவிடும். அறுபதுகளில் அவருக்கு அந்தக் கவலை. மனிதர் நன்றாகக் கிட்டார் வாசிப்பவர், அதுவும் ஒரு காது கேட்காத நிலையில். அவரிடம் இருந்த எஞ்சினியர்களுக்கோ அதிர்வை அடக்குவதுதான் தொழில். அடக்கத் தெரிந்தவர்களுக்கு வளர்க்கத் தெரியாதா? மரத்தால் செய்யும் முதுகுப் பலகைக்குப் பதிலாக, கண்ணாடி இழை கலந்த பொருளில் சட்டி மாதிரி வளைந்த முதுகைச் செய்தார்கள். ஒலி போய்ச் சிக்கிக்கொள்ள மூலையே கிடையாது. ஈரக் காற்றுக்கு உப்பாது, வெடிக்காது. 1966-ல் ஓவேஷன் வந்தது. உட்கார்ந்து வாசித்தால் மடியில் வழுக்கும் என்று புலம்புபவர்கள் உண்டு, நியாயமான புலம்பல்தான். ஆனால் தந்திக்கு அடியிலேயே பிக்கப் (அதிர்வை மின்சாரமாக மாற்றும் கருவி) வைத்து, மேடையில் நேராக ஒயரைச் செருகி வாசிக்க வைத்தார்களே, என்னைக் கேட்டால் அதுதான் பெரிய வேலை. அமெரிக்கப் பாடகர் கிளென் கேம்பல் போன்றவர்கள் கையில் அது பிரபலமானது.

இது போக, மனைவி ராபர்ட்டாவுடன் சேர்ந்து, பார்வையற்றவர்களுக்கு வழிகாட்ட ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களை வளர்த்துப் பழக்கும் ஃபிடெல்கோ அறக்கட்டளையையும் 1981-ல் தொடங்கினார்.

ஹெலிகாப்டரை விடவில்லை என்றேனே, 1991-ல் அவருடைய கே-மேக்ஸ் ஹெலிகாப்டர் பறந்தது. விரல்களைக் கோத்த மாதிரி இரண்டு சுழலிகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து சுற்றும். வால் சுழலி தேவையில்லை. தன் எடையைவிட அதிகமாக, சுமார் 2,700 கிலோ தூக்கும். காமன் 2011 ஜனவரியில், 91 வயதில் காலமானார். அதற்குள் கிட்டார் தொழில் ஃபெண்டர் என்ற கிட்டார் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. அதே ஆண்டுக் கடைசியில், பைலட் இல்லாத கே-மேக்ஸ் ஆப்கானிஸ்தானில் அமெரிக்க மரைன் படைக்குச் சரக்கு சுமக்கத் தொடங்கியது.