முளையும் மே, கண்ணும் மே

நடுவர் அவர்களுக்கும் எதிரணி நண்பர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

மணமானவர் புது மொழி கற்பது துணையை விட்டு ஒதுங்கியா, துணையோடு கலந்தா? இதுதான் தலைப்பு. கலந்துதான் என்று சொல்ல வந்திருக்கிறேன். ‘கதவைச் சாத்து, நாள் முழுக்க அந்த மொழியிலேயே கிட’ என்றார் எதிரணித் தலைவர். ஐயா, ஜப்பானிய மொழிக்காக நானும் இரண்டு வருஷம் அப்படித்தான் கிடந்தேன்.

ஜே.எல்.பி.டி. என்கிற ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் எளிதான என்5 முதல் கடினமான என்1 வரை ஐந்து நிலை. நான் படித்தது என்3. மொத்தம் 180 மதிப்பெண்ணில் 60, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதற்கு. அந்த 60-க்காகச் சாப்பிடும்போதுகூடக் காதில் இயர்போன். ஒருநாள் ராத்திரி தோசை வார்த்துக்கொண்டே என் மனைவி ஏதோ சொன்னாள். ‘ம்’ கொட்டினேன். அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். “இப்ப நான் என்ன சொன்னேன்?”

எனக்குத் தெரியவில்லை. மாமனாருக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு நாள் குறித்ததைச் சொல்லியிருக்கிறாள். வீட்டு மனுஷி பேச்சைக் கேட்காத காது, ஒலிப்பதிவில் யாரோ இருவர் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் வாங்கி என்ன செய்ய?

அவளுக்கு மாடித்தோட்டம் என்றால் உயிர். சாயங்காலம் தண்ணீர் ஊற்ற நானும் மாடிக்குப் போக ஆரம்பித்தேன். மண்ணுக்கு ‘சுச்சி’, கத்தரிக்காய்க்கு ‘நாசு’, வெண்டைக்காய்க்கு ‘ஒகுரா’ என்று தொட்டி தொட்டியாகச் சொல்லிக்கொண்டே ஊற்றுவேன். ஒருநாள் அவரை முளைத்திருந்தது. முளையைக் காட்டி ‘மே’ என்றேன். சட்டென்று திரும்பினாள். “கண்ணுக்கும் மே-ன்னு சொன்னீங்களே?”

ஆமாம்! இலைக்கும் ‘ஹா’, பல்லுக்கும் ‘ஹா’. பூவுக்கும் ‘ஹானா’, மூக்குக்கும் ‘ஹானா’. எழுத்துதான் வேறு வேறு. இரண்டு வருஷம் அட்டை அட்டையாக மனப்பாடம் செய்த எனக்குத் தட்டுப்படாதது, அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாத அவளுக்குத் தட்டுப்பட்டது. அந்தச் சொற்கள் எனக்கு இனி மறக்காது.

கான்ஜிக்கு, அதாவது ஜப்பானிய மொழியில் புழங்கும் சீன எழுத்துக்கு, தனிமை வேண்டும் என்று எதிரணி சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். அதற்கு விடியற்காலை ஒரு மணி நேரம். அவளிடம் கேட்டு வாங்கிய நேரம் அது.

அப்புறம் தேர்வு நாள். ஜூலையில் ஒன்று, டிசம்பரில் ஒன்று, இரண்டும் முதல் ஞாயிறு. நமக்கு ஆனியும் கார்த்திகையும், இரண்டுமே முகூர்த்த மாதம். அவள் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் தனியாகப் போய், ‘அவருக்குப் பரீட்சை’ என்று ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். இனி டிசம்பர் மட்டும்தான் எழுதுவேன். இந்த ஜூலையில் அவள் சித்தி மகள் கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றேன்.

நடுவர் அவர்களே, இன்று எங்கள் மாடியில் தொட்டிக்குத் தொட்டி பெயர்ச்சீட்டு ஒட்டியிருக்கிறது. மேலே தமிழ்ப் பெயர், கீழே தமிழ் எழுத்திலேயே ஜப்பானியப் பெயர். எழுதி ஒட்டியது அவள்.

நன்றி, வணக்கம்.