அரைப்புள்ளியைச் சர்வரிலேயே நிறுத்துங்கள்

நேயர்களுக்கு வணக்கம். இணையதளங்களை எழுதப் பயன்படும் பி.எச்.பி. மொழிக் கோப்பு ஒன்றில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போகிறது. எழுதியவர் அதைக் கவனிக்காமல் புஷ் செய்துவிட்டு, அதாவது குழுவின் பொதுச் சர்வருக்கு அனுப்பிவிட்டு, டீ குடிக்கப் போய்விடுகிறார். அடுத்த சில நிமிடங்களில் அதைப் புல் செய்த, அதாவது சர்வரிலிருந்து இறக்கிக்கொண்ட, எல்லாருக்கும் தளம் திறக்காது. ஆளாளுக்குத் தங்கள் கோடில்தான் கோளாறு என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணே வேண்டாம். பி.எச்.பி. கட்டளையோடு 'மைனஸ் எல்' சேர்த்துக் கொடுத்தால், நிரலை ஓட்டாமலே இலக்கணத்தை மட்டும் பார்த்து, எந்த வரியில் தடுக்கியது என்று சொல்லிவிடும். மற்ற மொழிகளில், பாஷுக்கு 'மைனஸ் என்', ரூபிக்கு 'மைனஸ் சி'. பெர்லிலும் 'மைனஸ் சி' உண்டு. ஆனால் அதில் 'பிகின்' என்று குறித்த பகுதிகள் சோதிக்கும்போதே ஓடிவிடும். முகம் தெரியாதவர் அனுப்பியதைச் சர்வரில் அப்படிச் சோதிப்பது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

சரி, இந்தச் சோதனையை எங்கே வைப்பது? கோடில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் 'ப்ரீ-கமிட்' என்று ஒரு ஹூக் இருக்கிறது. நாம் எழுதி வைக்கும் சின்ன ஸ்கிரிப்ட்தான். ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது மாற்றத்தைப் பதிவதற்கும், முன்னால் ஓடும். பூஜ்யம் அல்லாத எண்ணோடு முடிந்தால் கமிட் நடக்காது. இங்கே பலர் சறுக்குவார்கள். கமிட்டில் போவது ஸ்டேஜ் செய்த, அதாவது கமிட்டுக்கென்று எடுத்து வைத்த, பிரதி. ஸ்கிரிப்ட் பார்ப்பதோ டிஸ்கில் இருக்கும் கோப்பு. ஸ்டேஜ் செய்தபின் டிஸ்கில் மட்டும் பிழையைத் திருத்தியிருந்தால் சோதனை தேறிவிடும், பிழை உள்ளே போய்விடும். அதனால் ஸ்டேஜில் இருப்பதை எடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

அப்படிச் செய்தாலும் இது நம் கணினியில் மட்டும் இருக்கும் காவல். இன்னொருவர் குளோன் செய்தால், அதாவது முழுசாக நகலெடுத்தால், ஹூக் அதனோடு சேர்ந்து வராது. கமிட் கட்டளையில் 'நோ-வெரிஃபை' என்று சேர்த்தால் தாண்டியும் போய்விடலாம். ப்ரீ-கமிட் நம் வசதிக்குத்தான். குழுவுக்கு உண்மையான காவல், புஷ்ஷை ஏற்கும் முன் சர்வரில் ஓடும் 'ப்ரீ-ரிசீவ்' ஹூக்தான். கிட்டுக்கு முந்தைய கருவியான சப்வெர்ஷனில் கமிட்டே சர்வரில்தான் நடக்கும் என்பதால் இந்தக் குழப்பமே கிடையாது.

ப்ரீ-ரிசீவுக்கு, புஷ்ஷில் மாறும் ஒவ்வொரு கிளைக்கும், அதாவது தனியாக வளரும் கமிட் வரிசைக்கும், ஒரு வரி வரும்: பழைய கமிட், புதிய கமிட், கிளையின் பெயர். புதுக் கிளை என்றால் பழைய இடத்தில் வெறும் பூஜ்யங்கள். கிளையை அழித்தால் புதிய இடத்தில் பூஜ்யங்கள். இதைக் கவனிக்காத ஸ்கிரிப்ட், யாராவது புதுக் கிளை தொடங்கும் அன்றைக்கே உடையும்.

ஒன்று, கோடில் கூட்ட வேண்டிய இடத்தில் கழித்திருந்தால், இலக்கணத்தை மட்டும் பார்க்கும் இந்தச் சோதனைக்குத் தெரியாது. அதற்கு நிரலை ஓட்டிப் பார்க்கும் டெஸ்ட் வேண்டும், டெஸ்டுக்கு நேரம் பிடிக்கும், அதை ஹூக்கில் திணிக்காதீர்கள். ஹூக்கில் மாறிய கோப்புகளின் இலக்கணத்தை மட்டும் பார்த்தால் போதும்.

அப்புறம், ஹூக் சொல்லும் செய்தி புஷ் செய்தவரின் திரையிலேயே தெரியும். அதில் கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் போடுங்கள். வெறுமனே 'ஏற்கப்படவில்லை' என்று விட்டால், சர்வரைப் பார்த்துக்கொள்பவருக்குத்தான் போன் வரும்.